வள்ளித்தாய் திருத்திய பெட்டி

முடிச்சை மூன்றாம் முறையும் இழுத்துப் பார்க்கிறார் வள்ளித்தாய். தலையில் ஹெல்மெட்டும் இடுப்பைச் சுற்றிப் பெல்ட்டுமாக இரும்புக் கோபுரத்தின் மேல்தட்டில் நிற்கிறார் மதுரையிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர். அவருடைய பெல்ட்டின் பக்கவாட்டு வளையத்தில், சணல் கயிற்றில் கட்டிய சின்ன ஓலைப்பெட்டி ஒன்று காற்றில் ஆடுகிறது. பெட்டி கோணல். ஒரு பக்கச் சுவர் உயர்ந்து, எதிர்ப்பக்கம் தாழ்ந்து, வாய் ஒருபுறமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

“கையில பிடிக்கப்படாது அண்ணாச்சி. ரெண்டு கையும் வார்ல இருக்கணும். பெட்டி தன்னால வரும்.”

“ரொம்பக் கோணலா இருக்கேம்மா. நீங்க கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தா நல்லாருக்கும்.”

“அது நீங்க பண்ணுனதுல்லா. அப்படியே வரட்டும்.”

அதிகாரி மறுபடி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற பயிற்சியாளர் தள்ளிவிடுகிறார். ஒரு நீண்ட அலறலும் ஒரு கோணல் பெட்டியும் சேர்ந்து தண்ணீருக்கு மேலே பறந்து அக்கரைக்குப் போகின்றன. வள்ளித்தாய் அதைப் பார்ப்பதில்லை. அடுத்தவரின் பெல்ட்டில் அடுத்த பெட்டியைக் கட்டக் குனிந்துவிடுகிறார்.

இலத்தூரைத் தாண்டி அச்சன்புதூர் போகிற வழியில் இருக்கிறது இந்த இடம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அருவி தவிர வேறு ஏதாவது வேண்டும் என்று யோசித்து, இளம் முதலாளி கௌரிசங்கர் தொடங்கியது. ‘தீவுக் கைவினையும் வான்வழிச் சவாரியும்’ என்பது விளம்பரப் பலகையில் உள்ள பெயர். பரிசலில் தீவுக்குப் போக வேண்டும். பனைமர நிழலில் உட்கார்ந்து உள்ளங்கை அளவில் ஓர் ஓலைப்பெட்டி பின்ன வேண்டும். பிறகு கோபுரத்தில் ஏறி, கம்பியில் தொங்கியபடி கரைக்குப் பறந்து வர வேண்டும். மேற்கே மலை, கீழே தண்ணீர், முகத்தில் சாரல். கரையில் இறங்குகிற யாரும் உடனே கைபேசியை எடுக்காமல் இருந்ததில்லை.

தீவு என்றாலும் இயற்கையான தீவு அல்ல. கௌரிசங்கரின் அப்பா செங்கல் சூளை நடத்திய காலத்தில் நாலு பக்கமும் மண்ணை வெட்டி எடுத்தார்கள். நடுவில் பனைகள் நின்ற இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சூளை நின்றது, பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது, மிச்சம் தீவாயிற்று. சித்திரையில் தண்ணீர் வற்றிவிட்டால் செருப்புக் காலோடு நடந்தே போகலாம். அப்போதும் பலகையில் அது தீவுதான்.

“இந்தத் தீவ வெட்டுனதே நாந்தான் தம்பி” என்கிறார் வள்ளித்தாய், அவரைப் பற்றி எழுத வந்திருக்கும் என்னிடம். “கல்யாணம் ஆன புதுசுல இங்கனதான் மண்ணு சொமந்தேன். அங்கன பரிசல் நிக்குல்லா, அந்தப் பள்ளம் பூரா என் தலையில ஏறுன மண்ணு.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருக்கிறது. மற்ற பெருமைகளைப் பற்றி இப்போதெல்லாம் அவர் பேசுவதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயது. கட்டையான உடம்பு, வேகமான நடை. கொண்டையில் எப்போதும் ஒரு கோணி ஊசி செருகியிருக்கும். ஓலை இழைகளுக்கிடையே நுழைத்து நெம்புவதற்கு அதுதான் கருவி. வீட்டுக்குப் போகும்போதும் எடுக்க மறந்துவிடுவார். செங்கல் லாரி ஓட்டும் கணவர் நெல்லையப்பன் அதைக் காட்டி, “வீட்டுக்கு வேலோட வாரா” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாராம்.

பலகையில் ‘தலைமுறைகள் கடந்த தீவுக் கலை’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்துவிட்டு வருகிறவர்கள், எத்தனை தலைமுறை என்று வள்ளித்தாயிடம் கேட்பார்கள்.

“தலைமுறையாவது ஒண்ணாவது. சூளை நின்னப்பொறவு மகளிர் குழுவுல பயிற்சி குடுத்தாவ. தையலுக்குப் போனேன், எடம் முடிஞ்சிட்டுன்னாவ. ஓலையிலதான் எடம் இருந்துச்சு.”

கௌரிசங்கர் பக்கத்தில் இருந்தால் நெற்றியைத் தடவிக்கொள்வார். “யக்கா, அதெல்லாம் சொல்லணுமா” என்று பின்னால் கெஞ்சுவார். வள்ளித்தாய் காதில் விழாதது போலப் போய்விடுவார்.

வகுப்பு நடத்தும்போது அவர் உட்காருவதே இல்லை. வரிசைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருப்பார். இழையை வெடுக்கென்று இழுக்கும் கல்லூரி மாணவியிடம், “ஏட்டி, இழுக்காத. கூப்பிடு. தன்னால வரும்.” ஓலையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், “எதுக்கு அத மொறைக்கிய, அது என்ன உங்க கொழுந்தனா.” ஒரு மூலை விரிந்து நின்றால், “மூலை அழுது பாருங்க, மூக்கத் தொடச்சு விடுங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அடுத்த பெட்டியிடம் போயிருப்பார்.

அடுத்த ஆளிடம் என்று நான் எழுதவில்லை. வள்ளித்தாய்க்கு ஆள் கண்ணில் படுவதில்லை. முன்பு வந்தவர்கள் மறுபடி வந்து, “என்னத் தெரியுதா” என்று கேட்டால் விழிப்பார். “பச்சை ஓலை போட்டுப் பின்னுனேனே, அடி கூட வட்டமாப் போச்சே” என்றால் உடனே முகம் மலரும். “எனக்கு மூஞ்சி நிக்காது தம்பி. பெட்டி நிக்கும்” என்று ஒரு திறமையைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். அதையும் இப்போது சொல்வதில்லை என்று பரிசல்காரர் மகாராஜா சொன்னார்.

மகாராஜாவுக்கு முப்பது வயதிருக்கும். பரிசலைச் சுற்றிச் சுற்றி விட்டுப் பயணிகளைக் கத்த வைப்பது அவருடைய கூடுதல் சேவை. பெட்டிகள் கம்பியில் பறக்கத் தொடங்கியதே இந்த ஆடியிலிருந்துதான் என்பதை அவர்தான் முதலில் என்னிடம் சொன்னார். அதற்கு முன்பு பெட்டிகள் அவருடைய பரிசலில் வந்தன. ஆள் கம்பியில் போவார், பெட்டி பின்னால் தண்ணீரில் போகும். அந்த இடைவெளியில்தான் வள்ளித்தாய் தன்னுடைய இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அது ஒரு ரம்புட்டான் குப்பையில் தொடங்கியது. முதல் வருடச் சாரல் காலத்தில் உறவினரைப் பேருந்து ஏற்றிவிடக் குற்றாலம் போனபோது, கார்கள் நிற்கும் இடத்துக் குப்பைத் தொட்டியில், உரித்த ரம்புட்டான் தோல்களுக்கு நடுவே ஓர் ஓலைப்பெட்டி கிடந்ததைப் பார்த்தார். அன்று காலையில் தீவில் பின்னியது. கோணல். அது யாருடையது என்று தெரியவில்லை. பெட்டி தெரிந்தது.

“எனக்கு ஒடம்பே கூசிட்டு தம்பி. நம்ம கையில படிச்சிட்டுப் போய் குப்பையில போடுதாவன்னா, நம்ம குடுத்து விட்டது அந்த லட்சணம். கோணலாக் குடுத்து அனுப்பலாமா, தூரந்தொலையில இருந்து வந்தவுகள.”

விருந்தாளிக்குக் கிழிந்த இலையைப் போடாதது போல என்று அவர் நினைத்தார். அடுத்த நாளிலிருந்து, ஆட்கள் கோபுரத்தில் ஹெல்மெட் மாட்டி, பயந்து, படம் எடுத்து, பறந்து போகிற நேரத்தில், வள்ளித்தாய் பனைக்குப் பின்னால் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தார். பெட்டியை அடி வரைக்கும் பிரிப்பார். இழைகளைத் தண்ணீரில் ஒரு முக்கு. திரும்பப் பின்னுவார். இரண்டு பேர் கம்பியில் போய்ச் சேருவதற்குள் ஒரு பெட்டி நேராகிவிடும். மோசமானவற்றை மட்டும்தான் தொட்டார் முதலில். போகப்போக எல்லாமே அவர் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்தன.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசிப் பரிசலில் வள்ளித்தாயும் கரைக்குப் போவார். பெட்டியை வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்து, நானா செஞ்சேன் என்று வியப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பார்.

“சென்னையில இருந்து வந்த சார் ஒருத்தர், அவர் பொண்டாட்டிகிட்ட, எனக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குங்காரு. எனக்குன்னா சிரிப்பாணி தாங்கல. அந்தானைக்கு முந்தானைய வாயில வச்சு அமுக்கிட்டேன்.” இதைச் சொல்லும்போது வள்ளித்தாய் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

ஆனி மாதத்தின் கடைசி நாள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க முடியாத கூட்டம் தீவுக்குத் திரும்பியது. கரையில் நிற்க இடமில்லை. அன்று நடந்ததை மகாராஜா ஒரு விதமாகச் சொல்கிறார், வள்ளித்தாய் வேறு விதமாகச் சொல்கிறார். சேர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது.

கடையத்திலிருந்து ரெபேக்காள் என்பவர் மகளோடு வந்திருந்தார். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சில மாதங்களுக்கு முன்பு வீட்டுச் சன்னல் கண்ணாடி உடைந்து, வலது உள்ளங்கை கிழிந்து, விரல் நரம்புகள் அறுந்துபோயின. ஒட்டுப் போட்டார்கள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வார்டுக்குத் திரும்ப வருகிறாரா, இல்லை டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்துகொள்கிறாரா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். ரெபேக்காள் பதில் சொல்லவில்லை. வார்டுதான் வேண்டும் என்று கேட்க அவருக்கே தைரியம் வரவில்லை. அந்த நிலையில்தான் பரிசலில் வரும்போது மகளிடம் சொல்லியிருக்கிறார்: இந்த விரல்களால் ஒரு பெட்டியை முடித்துவிட்டால் திங்கட்கிழமை போய் வார்டைக் கேட்பேன், பெட்டியை மேட்ரன் மேசையில் வைத்துவிட்டே கேட்பேன். துடுப்புப் போட்ட மகாராஜாவின் காதில் இது விழுந்தது. வள்ளித்தாய் தீவில் இருந்தார்.

ரெபேக்காள் கடைசிப் பனையின் கீழ் உட்கார்ந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்தபடியே பின்னினார். இடது கையால் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் அழுத்தி, முடியாத இடத்தில் பல்லால் இழுத்தார். மகள் உதவிக்கு வந்தபோதெல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டார். வள்ளித்தாய் அந்தப் பக்கம் இரண்டு தடவை போனார்.

“எம்மா, பல்லு இளிக்கு பாருங்க உங்க பெட்டி. இறுக்கிப் பிடிங்க.”

ரெபேக்காள் தலையை மட்டும் ஆட்டினாராம். எல்லோரும் முடித்து எழுந்தபின்னும் அவர் பின்னிக்கொண்டிருந்தார். முடித்தார். மகளிடம் காட்டினார். பெயர் எழுதிய அட்டையை அதில் கட்டி வைத்துவிட்டுக் கோபுரத்தில் ஏறினார். ஒரு கையால் பிடித்தால் போதும் என்று பயிற்சியாளர் சொல்ல, பறந்தும் போனார். பறக்கும்போது ஒரு சத்தமும் போடவில்லை என்கிறார் மகாராஜா.

“அன்னிக்கு வந்ததுலயே அந்தப் பெட்டிதான் மோசம்” என்கிறார் வள்ளித்தாய். “அதனால அதத்தான் மொதல்ல எடுத்தேன். மத்ததவிடக் கூடக் கொஞ்ச நேரம் வச்சிப் பின்னுனேன் தம்பி. நல்லாருக்கட்டும்னுதான்.”

கரையில் மகாராஜா அட்டைகளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கொடுத்தார். ரெபேக்காள் வாங்கினார். பையில் போடவில்லை. வெளிச்சத்தில் திருப்பி, சுவரைக் கட்டைவிரலால் தடவினார். பனையோலை ஒரு தடவை மடித்தால் மடித்த தடம் போகாது. நேராகப் பின்னிய சுவரின் நடுவில், எந்த மூலையும் இல்லாத இடத்தில், சாய்வாக ஒரு மடிப்புத் தழும்பு ஓடியது.

“இது என்னோடது இல்ல” என்றார்.

“உங்க பேர்தான் போட்டிருக்கு மேடம்” என்றார் மகாராஜா.

“பேர் என்னோடதுதான். மடிப்பும் என்னோடதுதான். ஆனா மடிப்பு இங்க இருக்கு, மூலை அங்க இருக்கு. நடுவுல யாரு கை வச்சா?”

கடைசிப் பரிசலில் வந்து இறங்கிய வள்ளித்தாய்க்கு இதுகூட ஒரு பாராட்டின் தொடக்கமாகத்தான் கேட்டது. சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

“நாந்தாம்மா. கொஞ்சம் சரி பண்ணுனேன். ஓலை பூரா உங்களதுதான், ஒரு இழை கூட மாத்தல.”

“நான் கேட்டேனா?”

“இல்லம்மா, கோணலா இருந்துச்சு.”

“கோணல்னு எனக்குத் தெரியாதா?”

அப்போதுதான் ரெபேக்காள் வலது கையைச் சேலைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். எதையும் விளக்கவில்லை. பெட்டியை அந்தக் கையில் வைத்துக் காட்டினார். இரண்டு விரல்கள் பெட்டியைத் தொடாமல் நீட்டிக்கொண்டு நின்றன. மகள்தான், பரிசலில் அம்மா சொன்னதையெல்லாம் அழுதுகொண்டே எல்லார் முன்னாலும் கொட்டினாள்.

கௌரிசங்கர் ஓடி வந்து, “மேடம், அது ஃபினிஷிங் டச். எங்க பேக்கேஜ்லயே சேர்ந்தது” என்றார். அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார். “அப்ப எங்களோடது?” என்று வள்ளித்தாயைக் கேட்டார். இன்னொருவர் பார்த்தார். பிறகு எல்லோரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தங்கள் தழும்புகளைத் தேடினார்கள். ரத்தத்திலேயே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கார்கள் போனபின் கரையிலிருந்த பெஞ்சில் பல பெட்டிகள் விட்டுப்போய்க் கிடந்தன. எல்லாமே நேரான பெட்டிகள்.

ரெபேக்காள் மட்டும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனார்.

“திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்கிறார் வள்ளித்தாய். “ஒரு வார்த்தை திட்டல தம்பி. நான் ரெண்டு தடவ பக்கத்துல போயிருக்கேன். அந்தக் கை அங்கனதான் இருந்திருக்கு. பல்லு இளிக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அடுத்த நாளிலிருந்து பெட்டிகளைப் பின்னியவர்களின் பெல்ட்டிலேயே கட்டி அனுப்பத் தொடங்கினார். கௌரிசங்கருக்கு முதலில் பிடிக்கவில்லை. கோணல் பெட்டிகள் வரிசையாகப் பறப்பதைப் பயணிகள் விரும்பிப் படமெடுப்பதைப் பார்த்தபின் பேசாமல் இருந்துவிட்டார். மகாராஜா, “யக்கா இப்ப பார்சல் ஆபீஸ் வச்சிருக்காவ” என்று கேலி செய்தார். முன்பென்றால் வள்ளித்தாய் துடுப்பைப் பிடுங்கி அடிக்கப் போயிருப்பார். இப்போது “ஆமாலே” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு மகாராஜாவும் கேலி செய்யவில்லை.

நான் தீவுக்குப் போயிருந்த வாரத்தில் வள்ளித்தாய் கடையத்துக்குப் போவதாக இருந்தார். பதிவேட்டில் இருந்த கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, ரெபேக்காளிடம் பேசி, வரலாமா என்று கேட்டிருக்கிறார். “வாங்க” என்று மட்டும் பதில். கௌரிசங்கர் வேண்டாம் என்றார். அவுக பாட்டுக்கு மறந்திருப்பாவ, நீங்க போய் ஞாபகப்படுத்துதீய என்றார். வள்ளித்தாய்க்கும் தனியாகப் போகக் கால் வரவில்லை. “நீங்க சும்மா கூட வாங்க தம்பி. பேசாண்டாம்.”

தென்காசியில் அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறினோம். நல்ல சேலை, அரக்குக் கரை போட்ட வெள்ளை. கொண்டையில் ஊசி இல்லை. மடியில் ஒரு ரெக்சின் பை, அதன் மேல் இரண்டு கைகளும். மத்தளம்பாறை தாண்டும்வரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே ஓர் ஓலைப்பெட்டி. கோணல்.

“இதப் பாத்துச் சிரிக்காதீய. அந்தம்மாவுக்குத் திரும்பக் குடுக்கலாம்னு செஞ்சேன். சும்மா செஞ்சா நேராவே வருது, சவம், கைப்பழக்கம். அதனால ரெண்டு வெரலையும் துணியால கட்டிக்கிட்டு, பல்லால இழுத்துப் பின்னுனேன். எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, உனக்கு என்னட்டி ஆச்சுன்னு பயந்துட்டாரு.”

“அது மாதிரியே வந்திருக்கா?”

“வரல.” பையை மூடினார். “கோணல்தான். ஆனா அந்தக் கோணல் இல்ல.”

கொஞ்ச தூரம் போனபின், “இதையும் குடுத்தா ரெண்டாவது பொய்யாயிரும்லா?” என்றார். நான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை. பதிலுக்கு அவர் காத்திருக்கவும் இல்லை. கடையம் வரும்வரை அந்த ஜிப்பைப் பிடித்தபடியே இருந்தார்.

ரெபேக்காளின் வீடு கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருந்தது. உட்காரச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் வள்ளித்தாய் உட்கார்ந்தார். குளிர்சாதனப் பெட்டியின் மேல் அந்த ஓலைப்பெட்டி இருந்தது. அதில் ரப்பர் வளையங்களும் துணி மாட்டும் கிளிப்புகளும் போட்டு வைத்திருந்தார்கள். வள்ளித்தாய் உள்ளே நுழைந்ததுமே அதைப் பார்த்துவிட்டார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரெபேக்காளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாடம் படிப்பது போல.

“கை இப்ப எப்படிம்மா இருக்கு?”

“ஒரு விரல் பாதி மடங்குது. இன்னொண்ணு அப்படியேதான்.”

“வேலைக்கு?”

“போறேன். டோக்கன் குடுக்கேன்.”

வெளியே ஒரு பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

“வார்டு தர மாட்டேன்னுட்டாவளா?”

“நான் கேக்கல.” ரெபேக்காள் கோபமில்லாமல்தான் சொன்னார். “அந்தப் பெட்டியக் கொண்டுபோய் வச்சிருந்தாலும் தந்திருப்பாங்களோ மாட்டாங்களோ, தெரியாது. ஆனா நான் கேட்டிருப்பேன். நேரா இருந்த பெட்டியப் பார்த்ததும் தோணிச்சு, இந்தக் கை செஞ்சத வெளிய அனுப்பத் தகாதுன்னு ஒருத்தங்க பார்த்துச் சொல்லிட்டாங்கன்னு. வேலை தெரிஞ்சவங்க. அதுக்கப்புறம் என்னத்தப் போய்க் கேக்க.”

“நான் ஆளப் பாக்கலம்மா. பெட்டியத்தான் பாத்தேன்.”

“தெரியும்.”

“திரும்ப ஒண்ணு பின்னுதீயளாம்மா? நான் ஓலை கொண்டாந்து தாரேன். பக்கத்துல கூட வர மாட்டேன்.”

“இப்பப் பின்னுனா அத விட நல்லாத்தான் வரும். விரல் கொஞ்சம் வந்துட்டுல்லா.” ரெபேக்காள் தன் கையைப் பார்த்தார். “அன்னைக்குச் செஞ்சது அன்னைக்குத்தான். அது இனி எனக்கே வராது.”

பிறகு வள்ளித்தாயின் மடியைப் பார்த்து, “பையில என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றார் வள்ளித்தாய். பையை நாற்காலிக்குக் கீழே தள்ளினார்.

மகள் காபி போட்டுவிட்டேன் என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். கொண்டு வரப்போன மகளை, “நீ இரு, நான் எடுத்துட்டு வாரேன்” என்று ரெபேக்காள் தடுத்துவிட்டு உள்ளே போனார்.

வரும்போது இடது கையில் எனக்கான டம்ளர் இருந்தது. வலது கையில் வள்ளித்தாய்க்கானது. மடங்காத விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மூன்று விரல்களின் பிடியில் டம்ளர் ஒருபக்கமாகச் சாய்ந்து நடுங்கியது. நாலே எட்டு வைக்கும் அறைதான் அது. காபி விளிம்பைத் தாண்டிச் சிந்தத் தொடங்கியது. வள்ளித்தாயின் இரண்டு கைகளும் சட்டென்று மடியை விட்டு எழுந்தன. பாதியில் நின்றன. அவர் அவற்றைத் திரும்ப மடிக்கே கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். டம்ளர் தன் போக்கில் மெதுவாக வந்தது. பக்கத்தில் வந்து குனிந்தபோது இன்னும் கொஞ்சம் சிந்தி, வெள்ளைச் சேலையில், முழங்காலுக்கு மேலே, பழுப்பாகப் பரவியது. வள்ளித்தாய் நகரவில்லை. டம்ளர் முழுவதுமாகத் தன் முன்னால் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் வாங்கி, சேலையைத் துடைக்காமல், கறைக்கு மேலேயே டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தொடங்கினார்.